அதிர்ச்சி - பயமா? பேயா? நோயா?

(பழனிமலைத் தொடரிலுள்ள ஒரு சிற்றூரில் நாம் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரே ஒரு வார்த்தையைப் பற்றியதாகும். ஒரு வார்த்தையைப் பற்றிப் பேசவா இவ்வளவு தூரம் மலையேறி வந்தீர்கள் என்று சிலர் கேட்கலாம். ஆனால், மனிதனை அடிமைப்படுத்தி வைத்திருப்பவை பெரும்பாலும் வார்த்தைகள்தான் என்பதை யோசித்தால் அப்படிக் கேட்கமாட்டீர்கள். “விதி” என்பது ஒரு வார்த்தை. “தீட்டு” என்பது ஒரு வார்த்தை. “மோட்சம்” என்பதும் ஒரு வார்த்தையே. இவைகளுக்கு அர்த்தம் என்ன என்று கேட்காமல் ஒப்புக்கொண்டதினால் நம் ஜனங்கள் இழந்தது கொஞ்சமல்ல. அதுபோலவே, “அதிர்ச்சி” என்றும் “ஷாக்” என்றும் நாம் சொல்லிக்கொண்டிருக்கும் வார்த்தைக்கு அர்த்தம் தெரியாத காரணத்தால், பிழைக்க வேண்டிய உயிர்கள் போகின்றன என்பதைச் சொல்லவே வந்திருக்கின்றோம்.

நாம் வைத்தியம் படித்தவரல்ல. வைத்தியம் தெரிந்தவர்கள் எழுதியதைப் படித்தும் அவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதையே சொல்லுகின்றோம். நாம் சொல்லுவதாலேயே நம்பிவிடாதீர்கள். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் மாத்திரம் ஏற்றுக்கொள்ளுங்கள். சந்தேகமிருந்தால் ஆஸ்பத்திரியில் கேட்டுப் பாருங்கள்.

ஒரு வார்த்தை - பல அர்த்தம்

“தங்கம் விலை கேட்டேன், ஷாக் ஆகிவிட்டது” என்கிறோம். அங்கே அதற்குத் திகைப்பு என்று அர்த்தம். “மோட்டாரைத் தொட்டேன், ஷாக் அடித்தது” என்கிறோம். அங்கே மின்சாரம் என்று அர்த்தம். “மகன் செத்த அதிர்ச்சியில் தாயும் போய்விட்டாள்” என்கிறோம். அங்கே துக்கம் என்று அர்த்தம். “மனநோய் ஆஸ்பத்திரியில் ஷாக் வைத்தார்கள்” என்கிறோம். அது 1938-ல் இத்தாலியில் ஆரம்பித்த ஒரு வைத்திய முறை. மயக்க மருந்து கொடுக்காமல் அதைச் செய்யக்கூடாது என்று 2017-ஆம் வருஷத்துச் சட்டம் நம் நாட்டில் தடுத்திருக்கின்றது.

இந்த நான்கிலும் சேராத ஐந்தாவது அர்த்தம் ஒன்று உண்டு. அதுதான் ஆஸ்பத்திரியில் டாக்டர், “நோயாளி ஷாக்கில் இருக்கிறார்” என்று சொல்லும் அர்த்தம். இதைக் கேட்ட வீட்டார் என்ன நினைத்துக் கொள்ளுகின்றார்கள்? “பயந்துபோய்த்தான் இருக்கிறார், வேறொன்றுமில்லை, தைரியம் சொன்னால் சரியாகிவிடும்” என்று நினைக்கின்றார்கள். பயம் என்றவுடன் பூசாரி நினைவுக்கு வருகின்றான். பூசாரி வந்தவுடன் காலம் போய்விடுகின்றது. காலம் போனால் உயிரும் போகின்றது.

டாக்டர் சொல்லுவது என்ன?

டாக்டர் “ஷாக்” என்னும்போது பயத்தைச் சொல்லவில்லை. சரீரத்தின் உறுப்புகளுக்குப் போய்ச் சேர வேண்டிய இரத்தம் போதிய அளவு போய்ச் சேரவில்லை என்பதைத்தான் சொல்லுகின்றார். இரத்தம் போகாவிட்டால் பிராணவாயு போகாது. பிராணவாயு இல்லாவிட்டால் மூளை, மூத்திரக்காய், ஈரல், இருதயம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வேலையை நிறுத்திக்கொள்ளும்.

நீங்கள் குடியானவர்கள். பூண்டுக்கும் காரட்டுக்கும் மோட்டார் வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகின்றவர்கள். கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் என்ன செய்வீர்கள்? கிணற்றில் தண்ணீர் வற்றிவிட்டதா என்று பார்ப்பீர்கள். மோட்டார் பழுதா என்று பார்ப்பீர்கள். வாய்க்கால் கண்டபடி அகன்றுபோய்த் தண்ணீர் பரந்து நின்றுவிட்டதா என்று பார்ப்பீர்கள். நடுவில் ஏதாவது அடைத்துக்கொண்டதா என்று பார்ப்பீர்கள். சரீரத்திலும் இதே நான்கு கோளாறுகள்தான். இரத்தம் கொட்டினாலும், வாந்திபேதியில் நீர் போனாலும், பெரிய தீக்காயம் பட்டாலும் கிணறு வற்றுகின்றது. மாரடைப்பில் மோட்டார் பழுதாகின்றது. தேனீ விஷத்தினாலும், புண் வழியாகவோ பிரசவத்துக்குப் பின்னோ இரத்தத்தில் கிருமி ஏறுவதினாலும் குழாய்கள் அகன்று இரத்த அழுத்தம் விழுந்துவிடுகின்றது. நுரையீரலுக்குப் போகும் குழாயில் இரத்தக்கட்டி சிக்கினால் வழி அடைபடுகின்றது.

கடைசிப் பாத்தி காய்ந்துபோனால் நீங்கள் மோட்டாருக்கு வேப்பிலை அடிப்பதுண்டா? ஆயுத பூஜையன்று பொட்டு வைத்தாலும், மறுநாள் ஓடாவிட்டால் மெக்கானிக்கைத்தானே கூப்பிடுகின்றீர்கள்? இரும்பு மோட்டாருக்கு உபயோகிக்கின்ற புத்தியைச் சொந்தப் பிள்ளைக்கு ஏன் உபயோகிக்கக்கூடாது என்றுதான் கேட்கின்றோம்.

மரத்திலிருந்து விழுந்தவன்

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களின்மேல் மிளகுக்கொடி படர விட்டிருப்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஒரு தோழர் ஏணி வைத்து மிளகு பறிக்கும்போது சறுக்கி விழுகின்றார் என்று வைத்துக்கொள்ளுவோம். இடது விலாவில் அடி. வெளியே ஒரு சொட்டு இரத்தம் இல்லை. “ஒன்றுமில்லை” என்று அவரே எழுந்து உட்காருகின்றார். கொஞ்ச நேரம் கழித்து முகம் வெளுக்கின்றது. கைகால் சில்லிடுகின்றது. நெற்றியில் குளிர்ந்த வியர்வை பூக்கின்றது. “தண்ணீர், தண்ணீர்” என்கிறார். நாடி வேகமாகவும் நூல்போல் மெலிந்தும் ஓடுகின்றது. இருப்புக் கொள்ளாமல் புரளுகின்றார். பிறகு ஏதோ உளறுகின்றார்.

ஊரார் என்ன சொல்லுகின்றார்கள்? “காயமே இல்லை. விழுந்த இடம் கெட்ட இடம். காத்துக் கருப்பு அடித்துவிட்டது. அதோ பார், முனிதான் பேசுகிறது” என்கிறார்கள். உடனே எலுமிச்சம்பழம் வருகின்றது, விபூதி வருகின்றது, கோழி வருகின்றது. இந்த விஷயத்தில் எந்த மதக்காரரும் குறைந்தவரல்ல. ஒருவர் விபூதி போட்டால், இன்னொருவர் தண்ணீர் ஓதிக் கொடுக்கின்றார், மற்றொருவர் எண்ணெய் பூசி ஜெபிக்கின்றார்.

ஆனால் நடந்தது என்ன? விலாவுக்கு உள்ளே இருக்கும் மண்ணீரல் கிழிந்துவிட்டது. வயிற்றுக்குள்ளேயே இரத்தம் கொட்டிக்கொண்டிருக்கின்றது. வளர்ந்த மனிதன் சரீரத்தில் இருப்பதே சுமார் 5 லிட்டர் இரத்தம். அதில் ஒன்றரை லிட்டர் போனால் இரத்த அழுத்தம் விழத் தொடங்குகின்றது. மூளையையும் இருதயத்தையும் காப்பாற்றுவதற்காகச் சரீரம் தோலுக்குப் போகும் இரத்தத்தை நிறுத்திக்கொள்ளுகின்றது. அதனால்தான் வெளுப்பும் சில்லிப்பும். இருக்கின்ற கொஞ்ச இரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட இருதயம் அவசரப்படுகின்றது. அதனால்தான் நாடி ஓட்டம். நீர் குறைந்ததினால் தாகம். மூளைக்கு இரத்தம் போதாததினால் உளறல். பேசுவது முனியுமல்ல, கருப்புமல்ல. இரத்தம் போதாத மூளைதான் அப்படிப் பேசுகின்றது. அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியது கத்தி பிடிக்கத் தெரிந்த டாக்டரும் இரத்தமுமே தவிர, கோழியின் இரத்தம் அல்ல.

பூசாரி ஜெயிப்பது எப்படி?

“அப்படியானால், பூசாரி விபூதி போட்டு எழுந்து உட்கார்ந்தவர்களை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கின்றோமே” என்று கேட்பீர்கள். நாமும் பார்த்திருக்கின்றோம். அதையும் விசாரிப்போம்.

ஒருவன் இருட்டில் பயந்தான், அல்லது இரத்தத்தைப் பார்த்தான், அல்லது வெயிலில் திருவிழாக் கூட்டத்தில் வெகு நேரம் நின்றான். மயங்கி விழுந்தான். இதுவும் ஜனங்கள் பேச்சில் “அதிர்ச்சி”தான். ஆனால் இதில் இரத்தம் எங்கும் போய்விடவில்லை. கொஞ்ச நேரத்துக்கு நாடி மந்தப்பட்டு, குழாய்கள் அகன்று, மூளைக்கு ஏறும் இரத்தம் குறைந்தது. அவ்வளவே. விழுந்தவுடன் தலையும் இருதயமும் ஒரே மட்டத்துக்கு வருகின்றன. இரத்தம் தானாக மூளைக்குப் போகின்றது. ஒன்றிரண்டு நிமிஷத்தில் கண் திறக்கின்றான். அந்த ஒன்றிரண்டு நிமிஷத்துக்குள் விபூதி போட்டவனுக்குப் பேர் வந்துவிடுகின்றது. எழுந்தது விபூதியாலா, கீழே படுத்ததாலா? விபூதி போடாமல் படுக்க வைத்துப் பாருங்கள், எழுந்திருப்பான். விபூதியைப் போட்டுக்கொண்டே நிற்க வைத்துப் பாருங்கள், மறுபடியும் விழுவான்.

ஆகவே தானாகப் பிழைக்கின்றவனைப் பூசாரி “நான் பிழைக்க வைத்தேன்” என்கிறான். தானாகப் பிழைக்க முடியாதவன் செத்தால் “அவன் விதி முடிந்தது” என்கிறான். ஜெயித்தால் தனக்கு, தோற்றால் தலையெழுத்துக்கு! இப்படிப்பட்ட கணக்கில் எவன்தான் நஷ்டப்படுவான்?

பிழையைத் திருத்திக்கொண்டவர்கள்

நிற்க, இந்த வார்த்தை விஷயத்தில் டாக்டர்களும் ஒரு காலத்தில் ஏமாந்தவர்கள்தான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பிரெஞ்சு நாட்டு இரண வைத்தியர் லெ திரான் என்பவர் துப்பாக்கிக் காயங்களைப் பற்றி எழுதிய புத்தகம் 1743-ல் இங்கிலீஷில் வந்தபோது “ஷாக்” என்ற வார்த்தை வைத்தியத்தில் நுழைந்தது. குண்டு மோதிய குலுக்கலில் சரீரமே ஆடிப்போய்விடுகின்றது என்பது கருத்து. அதற்குப் பிறகு நூறு வருஷங்களுக்கு மேல், நரம்புகள் கலங்கிப் போவதுதான் காரணம் என்று பல டாக்டர்கள் நம்பினார்கள்.

ஆனால் அவர்கள் நம்பியதோடு நிற்கவில்லை. சோதித்துப் பார்த்தார்கள். 1930-ஐ ஒட்டிய வருஷங்களில் அமெரிக்காவில் வாண்டர்பில்ட் சர்வகலாசாலையில் பிளாலாக் என்ற டாக்டர் செய்த ஆராய்ச்சி, அடிபட்டவன் ஷாக்கில் விழுவதற்குக் காரணம் குழாய்களிலிருந்து இரத்தமும் நீரும் வெளியேறிவிடுவதுதான் என்று காட்டிற்று. நரம்பும் அல்ல, மர்ம விஷமும் அல்ல.

அந்தச் சோதனைகளில் அவருக்குக் கையாக இருந்தவர் யார் தெரியுமா? விவியன் தாமஸ் என்ற கறுப்பர். தச்சு வேலை செய்தவர். காலேஜில் படிக்கச் சேர்த்து வைத்த பணம் பாங்கி முறிந்ததில் போய்விட்டது. 1930-ல் அந்த ஆராய்ச்சிச் சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். செய்ததோ நுட்பமான ஆராய்ச்சி வேலை. சம்பளப் புஸ்தகத்தில் எழுதியதோ கூட்டித் துடைக்கும் வேலைக்காரன் என்று! 1944-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில், நீலம் பாரித்துச் சாகும் குழந்தையின் இருதயக் கோளாறுக்கு முதன்முதலாக அந்த ஆபரேஷன் நடந்தபோது, பிளாலாக்கின் பின்னால் நின்று வழி சொன்னவரும் இந்தத் தச்சரே. 1976-ல்தான் அதே ஸ்தாபனம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. “கீழ் ஜாதிக்காரனுக்குப் புத்தி வராது” என்று சொல்லும் மனுவின் வாரிசுகள் இதற்கு என்ன பதில் சொல்லுவார்கள்?

இன்னொன்றும் சொல்லுகின்றோம். இரத்தம் போனவனுக்கு இரத்தம்தான் கொடுக்க வேண்டும். யாருடைய இரத்தம் யாருக்குச் சேரும் என்ற இரகசியத்தை லாண்ட்ஸ்டைனர் என்பவர் 1901-ல் வெளியிட்டார். அதற்காக 1930-ல் நோபல் பரிசு பெற்றார். இரத்தத்தில் ஏ, பி, ஏபி, ஓ என்ற பிரிவுகள் இருக்கின்றனவே தவிர, பிராமண இரத்தம், சூத்திர இரத்தம், பஞ்சம இரத்தம் என்று எதுவும் இல்லை. அக்கிரகாரத்தில் ஓ உண்டு. சேரியிலும் ஓ உண்டு. பளியர் குடியிலும் உண்டு. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம்கூட 1950 வரையில் கறுப்பர் இரத்தத்தைத் தனிப் புட்டியில் வைத்தது என்றால், மூடத்தனம் ஒரு தேசத்துக்கு மாத்திரம் சொந்தமல்ல என்பது விளங்கும். ஆனால் அவர்கள் அதை விட்டுவிட்டார்கள். தவறென்று தெரிந்தால் விடுவது அறிவு. தெரிந்தும் “முன்னோர் சொன்னது” என்று பிடித்துக்கொண்டிருப்பது மதம்.

தேனீயும் வாந்திபேதியும் மின்சாரமும்

இந்த மலையில் பாறைத் தேனீக்கள் கொட்டுவதுண்டு. சிலருக்கு வீக்கத்தோடு போய்விடும். சிலருக்கோ கொட்டிய சில நிமிஷங்களில் உடம்பெல்லாம் தடித்து, மூச்சுத் திணறி, நினைவு தப்பும். “தெய்வத் தேனடை, தீட்டோடு போனான்” என்று சொல்லுவது பொய். விஷத்துக்குச் சரீரம் அளவு கடந்து எதிர்த்துக் கிளம்புவதினால் வரும் ஷாக் அது. இதைக் கண்டு விளக்கிய ரிஷே என்ற பிரெஞ்சுக்காரருக்கு 1913-ல் நோபல் பரிசு கிடைத்தது. தொடையில் போடுகின்ற அட்ரீனலின் ஊசிதான் இதற்கு முதல் மருந்து.

வாந்திபேதியில் செத்தவர்கள் அம்மன் சீற்றத்தால் சாகவில்லை, நீர் வற்றிச் செத்தார்கள். 1971-ல் வங்காளத்து அகதி முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை டிரம்களில் கரைத்து வைத்துக் குடிக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர்போல் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு மூன்று நான்கு பேராகக் குறைந்தது. பொங்கலும் கிடாயும் செய்யாததை உப்பும் சர்க்கரையும் செய்தன.

மின்சார ஷாக் வேறு விஷயம். அதில் இருதயத்தின் தாளம் கெட்டு ஓட்டம் நிற்கின்றது. அடிபட்டவரை மண்ணில் புதைத்தால் கரண்டு இறங்கும் என்பது வெறும் பேச்சு. இருதயம் நின்றவரை மண்ணில் புதைத்தால் அது அடக்கம்தான். முதலில் மெயினை நிறுத்த வேண்டும். பிறகு மூச்சு இல்லாவிட்டால் மார்பின் நடுவில் இரு கையாலும் நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே உதவிக்கு ஆள் அனுப்ப வேண்டும்.

“செய்தி கேட்டு அதிர்ச்சியில் மரணம்”

பத்திரிகைகளில் இந்தத் தலைப்பு அடிக்கடி வருகின்றது. 2016 டிசம்பரில் முதல் மந்திரி ஜெயலலிதா அம்மையார் காலமானபோது, அந்தச் செய்தியின் அதிர்ச்சியில் நூற்றுக்கணக்கானவர்கள் இறந்ததாக அவர் கட்சி அறிவித்து, குடும்பத்துக்கு 3 லட்சம் ரூபாய் கொடுப்பதாகச் சொல்லிற்று. துக்கம் இருதயத்தைத் தாக்காது என்று நாம் சொல்லவில்லை. திடீர்த் துக்கத்தால் இருதயம் பலூன்போல் உப்பிப் பலமிழப்பதை ஜப்பானிய டாக்டர்கள் 1990-ல் கண்டு பேர் வைத்திருக்கின்றார்கள். ஆனால் அது இருதய நோய். பெரும்பாலும் வைத்தியத்தில் தேறக்கூடியது. மாரடைப்போ தலைவர் சாகாத நாளிலும் தினந்தோறும் பலரைக் கொண்டுபோகின்றது. “அதிர்ச்சி” என்று ஒரு பேர் போட்டுவிட்டால், அவருக்கு முன்பே நெஞ்சுவலி இருந்ததா, யாராவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்களா என்ற கேள்விகள் எல்லாம் மறைந்துபோகின்றன. “பேய்” என்ற பேர் செய்யும் வேலையைத்தான் இந்தப் பேரும் செய்கின்றது.

செய்ய வேண்டியதும் செய்யக்கூடாததும்

நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெளுப்பு, சில்லிப்பு, குளிர்ந்த வியர்வை, மெலிந்து ஓடும் நாடி, தாகம், உளறல் ஆகிய இவை தெரிந்தால் காயம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஆபத்து. உடனே 108-க்குச் சொல்லுங்கள். 2008 முதல் தமிழ்நாட்டில் அந்த வண்டி காசில்லாமல் வருகின்றது. ஆளைப் படுக்க வையுங்கள். காலிலும் முதுகெலும்பிலும் அடியில்லையென்றால் காலைச் சற்று உயர்த்துங்கள். நெஞ்சுவலியோடு மூச்சுத் திணறுகின்றவரை மாத்திரம் சாய்ந்து உட்கார விடுங்கள். இரத்தம் கொட்டும் இடத்தைச் சுத்தமான துணி வைத்து விடாமல் அழுத்துங்கள். கம்பளி போர்த்துங்கள். ஆனால் குளிருகிறதே என்று கணப்பருகே போட்டுக் காய்ச்சாதீர்கள். தோலுக்கு இரத்தத்தை இழுத்துவிட்டு உள்ளுறுப்பைப் பட்டினி போட்டதாகும். அடிபட்டவருக்குச் சோடா, காப்பி, சாராயம் எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். பாம்பு கடித்திருந்தால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், கடித்த கையையோ காலையோ அசைக்காமல் விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

ரோடு யாருக்கு?

“கொண்டு போகச் சொல்லுகின்றீரே, ரோடு எங்கே?” என்று நீங்கள் கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது. 1845-ல் அமெரிக்கப் பாதிரிகள் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். வெள்ளைக்காரர்களையும் அவர்கள் பெட்டிகளையும் பெரியகுளம் பக்கத்துச் சரிவில் தூக்கிக்கொண்டு ஏறியவர்கள் நம் கூலி ஜனங்கள். பிறகு மோட்டார் ரோடு வந்தது. கொடைக்கானலுக்கு ரோடு வந்ததே தவிர, தூக்கியவனுடைய ஊருக்கு வந்ததா? அந்தப் பழைய வழியிலுள்ள வெள்ளகவி அதற்குப் பிறகும் பல தலைமுறையாக ரோடு இல்லாமல் இருந்தது. நோயாளியையும் பிள்ளைத்தாச்சியையும் டோலி கட்டித் தூக்கினார்கள். பாம்பும் முள்ளும் நிறைந்த காட்டு நடுவே, ஊர் முழுவதும் கோயில் என்று சொல்லி ஊருக்குள் செருப்புப் போடாத வழக்கத்தை மாத்திரம் தவறாமல் காப்பாற்றி வந்தார்கள். சாமிக்குக் காட்டிய மரியாதையில் பாதியைத் தங்கள் காலுக்குக் காட்டியிருக்கலாம்!

இதே மலையில் விஞ்ஞானிகள் நூறு வருஷங்களுக்கு மேலாகச் சூரியனைப் படம் பிடித்து ஆராய்கின்றார்கள். 1909-ல் எவர்ஷெட் என்பவர் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தை இங்கிருந்தே கண்டுபிடித்தார். சூரியனில் நடப்பது தெரிகின்றது. சரிவில் கிடக்கும் ஓலைக் குடிசையில் நடப்பது தெரியவில்லை! “பேயின் சமையலறை” என்று பேர் வைத்த பாறைப் பிளவில் 2006-ல் ஒரு வாலிபர் விழுந்தபோது, அவரை மேலே கொண்டு வந்தது எந்தத் தெய்வமும் அல்ல. கயிறு கட்டிக்கொண்டு உள்ளே இறங்கிய அவருடைய நண்பர்தான். அந்தக் கயிறும் அந்தத் தோழமையும் ஒவ்வொரு ஊரிலும் இருக்க வேண்டும் என்பதே நம் ஆசை.

ஆகவே தோழர்களே! அடுத்த திருவிழா வசூலில் ஒரு பங்கை எடுத்து வையுங்கள். ஊருக்கு ஒரு நல்ல தூக்குப் படுக்கை வாங்குங்கள். ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பேர் முதலுதவி பழகுங்கள். வாலிபர்கள் தங்கள் இரத்தப் பிரிவைத் தெரிந்துகொண்டு, ஜாதி கேட்காமல் இரத்தம் கொடுங்கள். ரோடும் டாக்டரும் வரும்வரையில் சர்க்காரை விடாதீர்கள். அடுத்த தடவை இந்த ஊரில் ஒருவர் முகம் வெளுத்து விழும்போது, “எந்தப் பேய்?” என்று கேட்காமல், “இரத்தம் எங்கே போயிற்று?” என்று ஒருவராவது கேட்பாரானால், நாம் மலையேறி வந்தது வீண்போகவில்லை என்று சொல்லி இத்துடன் முடித்துக்கொள்ளுகின்றோம்.